இருபது எண்ணுவதற்குள்

சங்கக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு எல்லோரும் கை தூக்கியாகிவிட்டது. "உயிர்க்காப்புப் பெட்டிகளுக்கு இனிமேல் தனி சர்வர் அமர்த்துவது. செலவைப் பார்க்காமல், இருப்பதிலேயே சிறந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு..." என்று படித்துக்கொண்டே வந்த செயலாளர் அந்த இடத்தில் நிறுத்தினார். பெயருக்காக விட்டிருந்த கோட்டில் தன் பெயரைச் சொல்வார்கள் என்று அவருக்கு நினைப்பு. பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கயிறு புடிக்கிறவர் பாக்கட்டும்."

திரும்பிப் பார்த்தால் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் நெஞ்சு இழுத்தது.

செயலாளர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார். "தம்பி, இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்."

"உள்ள இறங்குறது நான்தானேண்ணே? உங்க கம்ப்யூட்டரா இறங்குது?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு தடவை கை தூக்கி, கோட்டில் என்னை எழுதிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் தொட்டி இறங்குகிறவர்கள். ஆலைகளில் வீடு உயரத்துக்குத் தொட்டிகள் இருக்கும். எண்ணெய், சாயம், பாகு, எதுவோ ஒன்று வருஷம் முழுக்க அதில் நிற்கும். அடியில் படிகிற சகதியை ஆள் இறங்கித்தான் கழுவ வேண்டும். ஒருவன் உள்ளே போவான். ஒருவன் மேலே தொட்டி வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு மேலாள் என்று பெயர். இருபது வருஷம் உள்ளே போய்வந்து நுரையீரல் சலித்துப்போன பிறகு நான் மேலாள் ஆனேன்.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. மேலேயிருந்து ஓர் இழுப்பு இழுத்தால் "இருக்கியா?" என்று அர்த்தம். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் "இருக்கேன்". கீழேயிருந்து இரண்டு வந்தால் "தூக்கு". இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ண வேண்டும். இருபதுக்குள் பதில் வரவில்லை என்றால் காரணம் யோசிக்கக் கூடாது, தூக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு அவன், "மூக்கு சொறிஞ்சிட்டிருந்தேன்யா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். கயிற்றை முளையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற மேலாளுக்கு எங்களிடம் தனிப் பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

மூன்று இழுப்புக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் என் மச்சினன் இழுப்பான். வேலை முடிகிற நேரத்தில் கீழேயிருந்து மூன்று இழுப்பு வந்தால் "மாமா, டீ சொல்லிடு" என்று அர்த்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கம் காற்றுப் பெட்டி வாங்கியது. செய்து கொடுத்தவளை நாங்கள் மீட்டரம்மா என்போம். இறங்குகிறவன் மார்பில் ஒரு பெட்டி. அது உள்ளே இருக்கும் காற்றை அளந்துகொண்டே இருக்கும். கெட்டால் தானும் கத்தும்தான். ஆனால் தண்ணீர் பீய்ச்சுகிற இரைச்சலிலும் காதுமூடிக்குள்ளேயும் அது யாருக்குக் கேட்கும்? அதனால் அளவு கயிற்றோடு வரும் ஒயர் வழியாக மேலே தொட்டி வாயில் உள்ள பெட்டிக்கு வந்து, அங்கிருந்து நெட்டில் ஏறி, எங்கோ இருக்கிற சர்வருக்குப் போகும். சர்வர் பார்த்து, காற்று கெட்டிருந்தால் மேலே இருக்கும் சைரனை ஊத வைக்கும். என் கைப்போனில் ஒரு விளக்கும் உண்டு. நல்ல காற்றுக்குப் பச்சை, கெட்ட காற்றுக்குச் சிவப்பு.

அந்தப் பச்சை வந்ததிலிருந்து என் கை சோம்பேறியாகிவிட்டது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்பது நாலாகி, ஆறாகி, எட்டாகிவிட்டது. கண்ணுக்கு முன்னால் பச்சை எரியும்போது கயிற்றை எதற்கு இழுத்துக்கொண்டிருப்பது?

மச்சினன் உள்ளே விழுந்த அன்றைக்கு ஒன்பதாவது நிமிஷம்தான் இழுத்தேன். பதில் இல்லை. போனைப் பார்த்தேன், பச்சை. அதனால் மறுபடி இழுத்தேன். அந்த இரண்டாவது இழுப்பை நான் இழுத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் தூக்கினேன். சகதி மூட்டை மாதிரி வந்தான். போனில் அப்போதும் பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது. சைரன் மூச்சு விடவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

பிறகுதான் தெரிந்தது. எங்கள் சர்வர் எங்களுடையது இல்லை. ஒரே இயந்திரத்தில் நூறு பேர் ஒண்டுக் குடித்தனம். அதில் ஒரு குடித்தனக்காரர் செருப்புக் கடை. அன்றைக்குத் தள்ளுபடி விற்பனை என்று கூட்டம் நெட்டில் முண்டியடிக்க, எங்கள் பெட்டி அனுப்பிய காற்றளவு ஏழு நிமிஷம் வரிசையில் நின்றிருக்கிறது.

வீட்டில் என் மனைவி என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுப்பு என்னிடம் வந்த அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் மறுபடி இறங்கத்தான் போறானாமா?"

"நான் சொன்னா கேப்பானா? வேற வேலை தெரியாதுங்கறான்."

"யாரு வேணாம்னாலும் கேக்க மாட்டான். என் பிடிவாதம்தான் அவனுக்கும், ஒரே வயித்துல பொறந்தவங்கல்ல." ஒரு சட்டையை உதறினாள். "ஏங்க, செலவைப் பாக்காதேன்னு எழுதியிருக்காங்கல்ல?"

"ஆமா."

"அப்ப எதையும் விடாதீங்க. கௌரவம் பாத்துக்கிட்டுத் தலையாட்டிட்டு வந்துடாதீங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க."

அன்று முடிவு செய்தேன். எந்த நிறுவனமானாலும் சரி, கூப்பிட்டால் இருபது எண்ணுவதற்குள் பதில் வர வேண்டும் என்ற என் கயிற்றுச் சோதனையில் தேறாமல் என் மச்சினன் உயிரை அவர்கள் கையில் கொடுப்பதில்லை.

மீட்டரம்மா விசாரித்து மூன்று நிறுவனங்களை எழுதிக் கொடுத்தாள். முதலாவது, மூன்றிலும் விலை உசந்தது. செயலாளர் அதைத்தான் விரலால் தட்டிக் காட்டினார்.

"செலவைப் பாக்காதேன்னா என்ன அர்த்தம்? இதை வாங்குன்னு அர்த்தம்."

"செலவைப் பாக்காதேன்னா விலையைப் பாத்து வேணாம்னு சொல்லாதேன்னு அர்த்தம்ணே. விலையைப் பாத்து வேணும்னு சொல்லவும் கூடாதில்ல?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "வா, போய்ப் பாப்போம்," என்றார்.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் என் செருப்பின் தடம் தரையில் விழுந்ததை நான் பார்த்தேன், வாசலில் இருந்த பெண்ணும் பார்த்தாள். விற்பனைக்காரர் இளைஞர். சுவர் அளவுத் திரையில் உலகப் படத்தைப் போட்டு, அங்கங்கே மின்னுகிற புள்ளிகளைக் காட்டினார். எல்லாம் அவர்களுடைய இயந்திரங்கள் இருக்கும் இடங்களாம். செயலாளர் ஒவ்வொரு புள்ளிக்கும் தலையாட்டினார்.

நான் கேட்டேன். "சர்வர் நின்னுபோச்சுன்னா நாங்க என்ன செய்யணும்?"

"ரொம்ப சிம்பிள் சார். ஒரு டிக்கெட் போடுங்க. நாங்க பாத்துக்குவோம்."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் முழங்கையால் இடித்தான். எங்கள் ஆட்கள் பேச்சில் ஒருவன் டிக்கெட் வாங்கிவிட்டான் என்றால், அவனைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்று அர்த்தம்.

"சார், டிக்கெட்டை யாரு போடுவாங்க?" என்று கேட்டான் மச்சினன், முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

"நீங்கதான் சார்."

"நான் தொட்டிக்குள்ள இருப்பேனே."

"அப்ப உங்க சார்பா வேற யாராவது..."

"என் சார்பாவா? போன தடவையே வாங்க வேண்டியது, மாமா விடல."

விற்பனைக்காரருக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தார். செயலாளர் மேசைக்கு அடியில் மச்சினன் காலை மிதித்தார்.

டிக்கெட் என்றால் புகார்ச் சீட்டு என்று விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும், "சீட்டுப் போட்டா எத்தனை எண்றதுக்குள்ள பதில் வரும்?" என்று கேட்டேன்.

"எண்றதுக்குள்ளயா? முப்பது நிமிஷத்துக்குள்ள முதல் பதில் வரும் சார். உத்தரவாதம்."

கெட்ட காற்றில் ஒரு மனுஷனுக்கு நாலு நிமிஷம்தான் உயிர்.  மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டு வந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்றது ஒரு குரல். நான் எண்ணினேன். இருபது முடிந்து மறுபடி இருபது. எட்டாவது இருபதில் வைத்துவிட்டேன்.

இரண்டாவது நிறுவனத்தில் பேச்சு குறைவு, காகிதம் அதிகம். பதினெட்டுப் பக்க ஒப்பந்தம் கொடுத்தார்கள். செயலாளர் அதை வாங்கி, தாள் விசிறுகிற மாதிரி புரட்டிவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். நாற்பதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். விரலை வைத்துக் கூட்டித்தான் படிப்பேன். எனக்கு வரியைத் தாவத் தெரியாது. மூன்று நாள் ஆயிற்று. முதல் பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது நேரம் சர்வர் ஓடும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மீட்டரம்மாவிடம் கணக்குப் போடச் சொன்னேன். மிச்சம் இருக்கிற அந்தப் புள்ளி ஒன்று, வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்.

பதினொன்றாம் பக்கத்தில், அறிவித்துவிட்டுச் செய்யும் பராமரிப்பு, நிறுத்தமாகக் கணக்கில் வராது என்று இருந்தது. பதினாலாம் பக்கத்தில் வேறொன்று கண்டேன். எழுந்து, எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மச்சினன் படுத்திருந்த அறைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். 'நிறுத்தத்தால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் எவ்வித இழப்புக்கும், அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதே முழுமையான தீர்வாகும்.'

அவன் எழுந்து உட்கார்ந்தான். "அதாவது மாமா, நான் போயிட்டா உங்களுக்கு அடுத்த மாசம் சல்லிசா கெடைக்கும்."

"வாயைக் கழுவுடா," என்று அடுப்படியிலிருந்து அவன் அக்காக்காரி கத்தினாள்.

இருந்தாலும் மீட்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தோம். எங்களுக்கான இயந்திரத்தைக் காட்டச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி மழுப்பினார். மீட்டரம்மா விடாமல் நெருக்கியதும், அது தனி இயந்திரம் இல்லை, பெரிய இயந்திரத்தில் தடுத்துக் கொடுக்கும் ஒரு பாகம், ஆனால் தனி இயந்திரம் போலவே நடக்கும் என்றார்.

"தனி வீடுன்னு விளம்பரம் குடுத்துட்டு மாடியில போர்ஷன் காட்டுறீங்க," என்றேன். "குழாய் ஒண்ணுதானே?"

 வெளியே வந்ததும் செயலாளர்தான் முதலில் பேசினார். "போர்ஷன்காரன் பொழப்பு நமக்குத் தெரியாதா? வேணாம்பா."

மூன்றாவதை நான் முதலில் நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஒரு விடுமுறை நாளில், ஊரே அடங்கிக் கிடந்த பிற்பகலில், அவர்கள் எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஏழில் எடுத்தார்கள். பின்னால் ஒரே இரைச்சல்.

"சொல்லுங்க, எந்த வரிசை, எத்தனாம் நம்பர் மெஷின்?" ஒரு பெண் குரல்.

"மெஷின் இல்லைம்மா. நாங்க இன்னும் சேரல. சும்மா இழுத்துப் பாத்தேன்."

"இழுத்துப் பாத்தீங்களா?"

கயிறு பற்றிச் சொன்னேன். நடுவில் பேசாமல் கேட்டாள். முடித்ததும், "நாளைக்கு வாங்க. எனக்குக் காலை ஷிப்ட். எதை வேணும்னாலும் இழுத்துப் பாக்கலாம்," என்றாள்.

நாலைந்து கிடங்குகளுக்கு நடுவே காரை உரிந்த கட்டடம். வாசலில் லாரி மறித்துக்கொண்டு நின்றது. செயலாளர் மூக்கைச் சுளித்தார். உள்ளே இரண்டு கதவு தாண்டினால் குளிரும் இரைச்சலும். அந்தப் பெண் எங்கள் நாலு பேருக்கும் காதுமூடி கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும். மணிக்கட்டில் கறுப்பு டேப் சுருளை வளையல் மாதிரி மாட்டியிருந்தாள். காதுமூடியை மாட்டியதும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இத்தனை நாள் பார்த்த இடங்களில் தொட்டி மாதிரி இருந்தது இது ஒன்றுதான்.

இரும்பு அலமாரியில் ஓர் இயந்திரத்தைக் காட்டினாள். "இது காலி மெஷின். பின்னால ரெண்டு கரண்ட் ஒயர் இருக்கு பாருங்க. ஒண்ணைப் புடுங்குங்க."

பிடுங்கினேன். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்ப இன்னொண்ணு."

கையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"புடுங்குங்கண்ணே. நின்னுபோகும். எங்க மெஷினும் நிக்கும். நிக்காத மெஷினை நான் பாத்ததில்ல. நின்னா நான் ஓடி வருவேன், அதுதான் வித்தியாசம். அதுக்கும் சேத்து வேற ஊர்ல இன்னொரு மெஷின் இதையே செஞ்சுக்கிட்டிருக்கணும். அதைத் தனியா எடுக்கணும் நீங்க."

செயலாளர் என் காதுமூடியை விலக்கி, "நின்னுபோகும்னு கடைக்காரங்களே சொல்றாங்க, இவங்ககிட்ட வாங்கவா வந்தோம்?" என்றார்.

அவளுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. எங்களை வெளியே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எட்டு நிமிஷம் கயிற்றை இழுக்காமல் இருந்ததையும் சொன்னேன். அதை நான் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "சர்வர்லேர்ந்து தகவல் வரலைன்னா உங்க போன்ல என்ன தெரியும்?"

மீட்டரம்மா பதில் சொன்னாள். "கடைசியா வந்தது தெரியும்."

"கடைசியா வந்தது பச்சைன்னா?"

"பச்சை."

"கயித்துல பதில் வரலைன்னா என்னண்ணே அர்த்தம்?" இதை என்னிடம் கேட்டாள்.

"ஆபத்து. தூக்கணும்."

"உங்க கயித்துல பதில் இல்லைன்னா ஆபத்து. உங்க பெட்டியில பதில் இல்லைன்னா நல்ல காத்து. ரெண்டையும் ஒரே ஆள் கையில குடுத்திருக்காங்க. அவர் எதை நம்புவாரு?"

 மீட்டரம்மாவின் முகம் சிவந்தது. இரண்டு வருஷம் தன் பிள்ளை மாதிரி வளர்த்த பெட்டி. "சைரன் சர்வர் சொல்லித்தான் ஊதணும்னு வச்சது... எல்லா இடத்தையும் ஒரே எடத்துலேர்ந்து பாக்கணும்னுதான்," என்று இழுத்தாள்.

"பாக்கட்டும், வேணாங்கல. ஆனா என் மெஷினை மேலாளா வைக்காதீங்க. ரெண்டாவது ஆளா வையுங்க. காத்து கெட்டா தொட்டி வாயில இருக்கிற பெட்டியே சைரனை ஊதட்டும். அது என் மெஷினையும் கேட்டுக்கிட்டே இருக்கட்டும், இருக்கியா, இருக்கியான்னு. இருபதுக்குள்ள நான் பதில் சொல்லலைன்னா அப்பவும் ஊதட்டும். பச்சை அணையட்டும். இதை எந்த சர்வர்க்காரன்கிட்ட வாங்கினாலும் செய்யுங்க."

மீட்டரம்மா வெகுநேரம் தன் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். "பெட்டியே தானா ஊதப் போகுது. அப்புறம் எதுக்கு ஒசத்தி சர்வர்? பழையபடி ஒண்டுக் குடித்தனமே போதுமே. அதுவும் இவங்க ரெண்டு ஊர்ல ரெண்டு மெஷின்ங்கறாங்க. கண்ணாடிக் கட்டடத்துக்காரன் சொன்னதைவிட மேல போகுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நிறையப் பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பேச வராது. ஆனாலும் எழுந்தேன்.

"அண்ணே, ஒழுங்கா பதில் சொல்லாத சர்வரை வச்சா சைரன் தினம் நாலு தடவை சும்மா ஊதும். சும்மா ஊதுற சைரனை நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க?"

 முன்வரிசையில் ஒருவர் குனிந்து சிரித்தார்.

"துணியைச் சுத்தி அமுக்கிடுவாங்க," என்றேன். "நான் உட்பட. பச்சையை நம்பிக் கயித்தை விட்டவன் நான். எனக்குத் தெரியும். சைரன் ஊதினா நிஜம்னு ஆளு ஓடணும். அதுக்குச் சும்மா நிக்காத சர்வர் வேணும். இருக்கறதுலயே நல்லதா வேணும். நின்னா ஏழு எண்றதுக்குள்ள போனை எடுக்கிறவங்க வேணும். நிக்கும்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவங்களும் வேணும்."

"அதெல்லாம் சரிப்பா, ஆனா செலவு..."

தீர்மானப் புத்தகம் அவர் மேசைமேல் இருந்தது. எடுத்து, விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூட்டிப் படித்தேன். "செ-ல-வை-ப் பா-ர்-க்-கா-ம-ல்." வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன் என்று பிறகு மச்சினன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். இல்லை. எனக்கு அப்படித்தான் வரும்.

செயலாளர் பேனா மூடியைத் திறந்தார்.

பெட்டியை மாற்ற ஒன்றரை மாசம் ஆயிற்று. முடிந்ததும் மச்சினன் ஒரு நிபந்தனை போட்டான். "நான் உள்ள இருக்கும்போது அந்த ஷிப்டுக்காரம்மா ரெண்டு ஊர்லயும் ஒயரைப் புடுங்க வைக்கணும். எப்பன்னு யாருக்கும் தெரியக் கூடாது. மாமாவுக்கும் தெரியக் கூடாது." என் கை மறுபடி சோம்பேறியாகாமல் இருக்கிறதா என்று அவன் பார்க்க நினைத்தான் போல.  

கழுவிக் காயவைத்த காலித் தொட்டியில் இறங்கினான். நல்ல காற்று. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்தேன். பதில் வந்தது. போனில் பச்சை. இழுத்தேன். வந்தது. பதினாறாவது நிமிஷம் பச்சை அணைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்தொன்பதில் சைரன் ஊதியது. ஆலை முழுக்க ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அதற்குள் கயிற்றைச் சுருட்டித் தூக்கும் ராட்டினத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தேன். வெளியே தலை நீட்டியவன் காதுமூடியைக் கழற்றிவிட்டு, "சைரனுக்குத் தூக்கினீங்களா, அதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டான்.

"பச்சை அணைஞ்சதுமே ராட்டினத்துல கை வச்சுட்டேன்."

"அப்ப சரி."

என் போன் அடித்தது. ஷிப்டுக்காரம்மா. "எத்தனையிலண்ணே ஊதுச்சு?"

"பத்தொம்பது."

"ரெண்டு ஊர்லயும் மறுபடி சொருகியாச்சு. பச்சை வந்துச்சா பாருங்க."

வந்திருந்தது.

அடுத்த வாரம் நிஜ வேலை. அன்றைக்கு அவனைத் தூக்கிய அதே தொட்டி. வேறு ஆளை அனுப்பலாம் என்று செயலாளர் சொன்னார். மச்சினன் ஒப்பவில்லை. காலையில் அக்காக்காரி அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

செயலாளர் அன்று தொட்டி வாய்க்கே வந்து நின்றார். சங்கம் வாங்கிய பொருளை நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மச்சினன் இறங்கினான். கயிறு என் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய், பாதம் தரையைத் தொட்டதும் தளர்ந்தது. போனில் பச்சை எரிந்தது. போனைக் குப்புற வைத்தேன்.

"ஏன்யா, இவ்வளவு பாடுபட்டு வாங்கிட்டு அதைப் பாக்க மாட்டியா?" என்றார் செயலாளர்.

"அது அதோட வேலையைப் பாக்கட்டும்ணே."

இழுத்தேன். எண்ணினேன். நாலில் பதில் வந்தது. இரண்டு நிமிஷம் கழித்து இழுத்தேன். ஆறில் வந்தது. தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கீழேயிருந்து குமுறிக்கொண்டு வந்தது. ஒரு தடவை பதினொன்று வரை வரவில்லை. என் இடது கை தானாக ராட்டினத்துக்குப் போயிற்று. பன்னிரண்டில் வந்தது. செயலாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெயில் தொட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. தோள் மரத்துப்போனது. இழுத்தேன், வந்தது. இழுத்தேன், வந்தது. எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது.

பிறகு நான் இழுக்காமலேயே கயிறு அசைந்தது. ஒன்று. மூச்சைப் பிடித்தேன். இரண்டு. எழுந்தே விட்டேன். கை ராட்டினத்தில்.

மூன்று.

"என்னாச்சு, என்னாச்சு?" என்று செயலாளர் வாளியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

 கயிற்றை விடாமல் உட்கார்ந்தேன்.

"ஒண்ணுமில்லண்ணே. டீ கேக்கறான். நான் எந்திரிக்க முடியாது. நீங்க போய் வாங்கிட்டு வாங்க."